ஒப்பாரிக்கு எத்தனை மார்க்?

(கடம்பூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ரயில் வந்தால் நான் பேச்சை நிறுத்திக்கொள்வேன். இன்ஜினோடு போட்டி போட என் தொண்டைக்குத் தெம்பு கிடையாது. நம்ம ஊர் ஸ்டேஷனில் போளி விற்கிறவர்களுக்கு உண்டு. அவர்களைப் பற்றியும் பேசப்போகிறேன்.

விஜய் டி.வி.யில் சூப்பர் சிங்கர் பாட்டுப் போட்டி 2006இல் தொடங்கியது. அதற்குப் பிறகு இந்த நாட்டில் எல்லா வீட்டுத் திண்ணையிலும் ஒரு நடுவர் உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் எல்லாரும் கற்றுக்கொண்ட வாக்கியங்கள் இரண்டு. ஒன்று, “டெக்னிக்கலா பெர்ஃபெக்ட், ஆனா ஃபீல் வரலை.” இன்னொன்று, “அங்கங்க ஸ்ருதி விலகுச்சு, ஆனா உள்ள ஏதோ பண்ணிருச்சு.” முதல் வாக்கியத்தைக் கேட்ட பிள்ளை முகம் வாடி இறங்கும். இரண்டாவதைக் கேட்ட பிள்ளைக்கு மேடையே கைதட்டும்.

இந்த இரண்டு வாக்கியத்துக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது. சங்கதி, ஸ்ருதி, தாளம், மூச்சு எல்லாம் ஒரு பெட்டியில். உணர்ச்சி வேறொரு பெட்டியில். முதல் பெட்டியைப் பாட்டு வாத்தியார் திறந்து கொடுப்பார், இரண்டாவது பெட்டி பிறவியிலேயே வரவேண்டும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உணர்ச்சி என்று நாம் சொல்வது தொழில்நுணுக்கத்தின் ஒரு பகுதி. நடுவர்களிடம் அதற்கு மார்க் போடும் கட்டம் இல்லை, அவ்வளவுதான். அந்த நுணுக்கத்தில் நம் கரிசல்காட்டில் கைதேர்ந்தவர்கள் யார் என்று கேட்டால், கேத வீட்டில் ஒப்பாரி எடுத்துக் கொடுக்கிற பெண்களைத்தான் சொல்வேன். அதற்கு வருவதற்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வருவோம்.

வண்டி வந்து நிற்கிறது. போளிக்காரர் பெட்டி பெட்டியாக நடக்கிறார். அவர் கத்துவதில்லை. கத்தினால் மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிவிடும். குரலை மேலே ஏற்றி, மூக்கோடு சேர்த்துக் கூராக்கி, முதல் எழுத்தை வெட்டிக் கடைசி எழுத்தை இழுத்து விடுகிறார். இன்ஜின் உறுமல் கீழே ஓட, குரல் அதன் தலைக்கு மேல் போய்விடுகிறது. மைக் இல்லாமல் ஆப்பரா பாடும் ஆண் பாடகர்கள் பெரிய வாத்தியக் குழுவை மீறிக் கேட்பது எப்படி என்று ஸ்வீடனின் யோஹான் சுண்ட்பெரி ஆராய்ந்தார். அவர்கள் குரலில் 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலியின் பலம் குவிந்திருக்கிறது. வாத்தியங்களின் ஒலி அந்த இடத்தில் மெலிந்துவிடுகிறது. மனிதக் காதும் அந்தப் பக்கத்தில்தான் மிகக் கூர்மை. போளிக்காரர் தொண்டைக்குக் கருவி வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்காதீர்கள். காதால் கேட்டால் போதும்.

பழைய நாடக மேடையின் குரலும் இந்த வகைதான். சங்கரதாஸ் சுவாமிகள் இந்தச் சீமைக்காரர். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். அவர் எழுதி வைத்த நாடகங்களை ராத்திரி தொடங்கி விடியும்வரை பாடினார்கள். ஆர்மோனியக் கட்டையை வைத்துக் குரலை அளந்த காலம் அது. இன்ன கட்டையில் பாடுகிறவர் என்று சொன்னால் ஆளின் மதிப்பு தெரிந்துவிடும். செங்கோட்டை கிட்டப்பாவின் உச்சஸ்தாயிக்காக ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். அவர் 1933இல், முப்பது வயதுகூட நிரம்பாமல் போய்ச் சேர்ந்தார். கே.பி. சுந்தராம்பாளின் குரல் அதே உலைக்களத்தில் காய்ச்சியது. கடைசி வரிசையில் துண்டை விரித்துப் படுத்திருப்பவனுக்கு எட்டாத சோகம் அந்த மேடையில் சோகமே இல்லை. அங்கே உணர்ச்சி என்றால் எட்டுவது.

மைக் வந்தது, கணக்கு மாறிவிட்டது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி மைக்கின் பக்கத்தில் நின்று, எதிரே இருப்பவரிடம் பேசுகிற குரலில் பாடிப் பெயர் வாங்கினார். இங்கே ஏ.எம். ராஜா, பி.பி. ஸ்ரீனிவாஸ். இவர்களை மைக் இல்லாமல் நாடகக் கொட்டகையில் நிறுத்தியிருந்தால் மூன்றாவது வரிசைக்குக் கேட்டிருக்காது. மைக் வழியாகக் கேட்டால் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். கிட்டப்பாவைக் கேட்டுப் பழகிய கிழவர்கள் இதை முணுமுணுப்பு என்றார்கள். பேரன்மார் இதைத்தான் காதல் என்றார்கள். மனித மனசு அந்த இருபது வருஷத்தில் மாறிவிடவில்லை. கருவி மாறியது, கருவியைக் கையாளும் நுணுக்கம் மாறியது, அதோடு சேர்ந்து எது உருக்கம் என்ற தீர்ப்பும் மாறிக்கொண்டது.

இப்போது கேத வீட்டுக்கு வருகிறேன். முன்வரிசையில் இருக்கிற பள்ளிப் பிள்ளைகள் பயப்பட வேண்டாம்.

புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு முதலில் பாட்டு வராது, அலறல்தான் வரும். அதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. குரல் பிறக்க, தொண்டையில் இரண்டு குரல்நாண்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ள வேண்டும். பெண்களுக்குப் பேசும்போதே நொடிக்குச் சுமார் இருநூறு தடவை. துக்கம் முட்டும்போது உடம்பு நிறையக் காற்றுக் கேட்கிறது, குரல்வளை வாய் திறந்து நிற்கப் பார்க்கிறது. அதே நேரம் நாம் எச்சிலை விழுங்குகிறோம். விழுங்க அது மூடியாக வேண்டும். திறக்கவும் மூடவும் நடக்கிற இந்த இழுபறிதான் தொண்டை அடைப்பது. உண்மையாக அழுகிறவருக்குப் பாட வராது. இது எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

அப்போது பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வருகிறாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்காருகிறாள். ஒரு வரி எடுக்கிறாள். வரி உயரத்தில் தொடங்கிப் படிப்படியாக இறங்குகிறது. ஒரு வரிக்கு ஒரு மூச்சு. கடைசி அசையில் குரலை வேண்டுமென்றே உடைக்கிறாள். உடைந்த இடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி மூச்சை உள்ளே இழுக்கிறாள், அதுதான் விம்மல். அடுத்த வரி மறுபடி உயரத்தில். இதற்கு நடுவே செத்தவர் யாருக்கு என்ன முறை, என்ன தொழில் பார்த்தார், எந்தக் கம்மாய்க்கரையில் நிலம், மகள் எந்த ஊரில் வாக்கப்பட்டிருக்கிறாள் என்பதையெல்லாம் மோனை தவறாமல் அங்கேயே கட்டிக் கோர்க்கிறாள். வாசலில் புதிதாக ஆள் வந்தால் அந்த உறவுக்கும் ஒரு வரி. கூட இருக்கிற பெண்கள் எந்த இடத்தில் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது அவள் மூச்சிலிருந்து தெரிகிறது. கொஞ்ச நேரத்தில், அலறிக்கொண்டிருந்தவளும் அந்த வரிக்குள் வந்து அழத் தொடங்குகிறாள். அலறல் அழுகையாகிவிட்டது. சுற்றி நிற்கிற ஆம்பிளைகள் துண்டால் முகத்தைத் துடைக்கிறார்கள்.

எடுத்துக் கொடுத்தவள்? பாட்டு முடிந்ததும் எழுந்து, காபி வந்துவிட்டதா என்று விசாரிக்கிறாள். இதை நடிப்பு என்று சொல்கிற படித்தவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வரும். அவள் நெஞ்சில் துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் எங்களை அழவைத்தது நெஞ்சு இல்லை, அந்த மூச்சுக் கணக்கு. அதை அவள் அம்மாவிடம் கற்றாள், சின்ன வயசிலிருந்து எத்தனையோ கேத வீடுகளில் பின்பாட்டுப் பாடிக் கற்றாள். இதைவிட நீண்ட பயிற்சி எந்த இசைக் கல்லூரியில் இருக்கிறது?

சரி, சினிமாப் பாட்டில் இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா? முடியும். ஏ.ஆர். ரஹ்மானும் பாரதிராஜாவும் 1994லேயே சோதனையைச் செய்து வைத்துவிட்டார்கள். ‘கருத்தம்மா’ படத்தில் ‘போறாளே பொன்னுத்தாயி’ என்ற பாட்டு இரண்டு வடிவத்தில் வருகிறது. ஒன்று உன்னி மேனனும் சுஜாதாவும் பாடிய மகிழ்ச்சியான வடிவம். மற்றது ஸ்வர்ணலதா தனியாகப் பாடிய சோக வடிவம். அடி மெட்டு ஒன்றுதான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஸ்வர்ணலதா கூட்டிப் போட்ட சங்கதிகள் என்று பெரிதாக எதையும் சொல்ல முடியாது. வரியின் நுனியில் குரலை மெல்லியதாக்கி, காற்றை மட்டும் கொஞ்சம் மிச்சம் விடுகிறார். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே, பாட்டு நின்றுவிடுமோ என்கிற அளவுக்கு இடைவெளி. அதற்குத்தான் தேசிய விருது வந்தது. பதிவின்போது அவர் அழுதுவிட்டார் என்பார்கள். அழுதிருக்கலாம், நல்ல மனசு. ஆனால் நம் கையில் இருக்கிற பதிவில் ஒரு எழுத்துகூடத் தொண்டை அடைத்துச் சிதையவில்லை. ஒப்பாரிக்காரிக்குத் தெரிந்த ரகசியம் அவருக்கும் தெரிந்திருந்தது.

ஸ்வர்ணலதா பிறந்தது கேரளத்துச் சித்தூரில். ‘பதினாறு வயதினிலே’ படத்தின் ‘செந்தூரப்பூவே’ பாட்டுக்குத் தேசிய விருது வாங்கிய எஸ். ஜானகி ஆந்திரத்துக் குண்டூர்ப் பக்கம். பி. சுசீலா விஜயநகரம்; ஏ.வி.எம். நிறுவனம் அவருக்கு ஆசிரியர் வைத்துத் தமிழ் சொல்லிக்கொடுத்தது. நம் பெண்களின் மனசு இதுதான் என்று நாம் ஐம்பது வருஷமாகக் கேட்டு உருகிய குரல்கள் இவை. ‘மண்ணின் மணம்’, ‘ரத்தத்தில் ஊறிய உணர்ச்சி’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும். ழகரத்தையும் றகரத்தையும் பிழைக்காமல் சொல்லப் பழகியதுதான் இவர்களை நம் வீட்டுக்குள் கொண்டுவந்தது. தமிழ்ப் பாட்டில் உருக்கத்தில் பாதி வல்லின மெல்லினத்தில் இருக்கிறது. மெய்யெழுத்தை எவ்வளவு நேரம் உதட்டில் வைத்திருப்பது, எப்போது விடுவது என்பது சங்கதி போடுவதைவிடக் கடினமான வேலை.

ஜானகியம்மா பாடும்போது பார்த்தவர்கள் ஒன்று சொல்வார்கள். முகத்தில் அசைவே இருக்காது. கை ஆடாது. சின்னக் குழந்தைக் குரல், கிழவிக் குரல், விரகம், குறும்பு எல்லாம் அந்த அசையாத உருவத்திலிருந்து வரும். இன்றைய மேடைப் பாடகர் ஒரு சங்கதிக்குக் கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, கையால் காற்றைப் பிசைகிறார். கண்ணுக்கு அது உணர்ச்சி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், எவ்வளவு மிஞ்சுகிறது என்று.

டி.எம்.எஸ். பற்றி ஒரு கதை உலவுகிறது. ‘உயர்ந்த மனிதன்’ படத்தில் சிவாஜி ஓடி மூச்சு வாங்குகிற ‘அந்த நாள் ஞாபகம்’ பாட்டுக்காக ஸ்டூடியோவிலேயே ஓடிவிட்டு வந்து பாடினார் என்று. நடந்ததோ இல்லையோ, அந்தப் பாட்டில் இரைப்பு எந்த இடத்தில் விழுகிறது என்று கவனியுங்கள். நிஜமாக இரைக்கிறவனுக்கு மூச்சு தாளத்தில் வாங்காது. டி.எம்.எஸ்.ஸுக்கு வாங்குகிறது.

நம் பக்கத்துக் காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோவில்பட்டியில் குடியிருந்தார் நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம், ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1964இல், நாற்பது வயதைத் தாண்டிய கொஞ்ச நாளிலேயே மறைந்தார். 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’யில் ‘சிங்காரவேலனே தேவா’ பாட்டுக்கு எஸ்.எம். சுப்பையா நாயுடு ஜானகியின் குரலை அவருடைய நாதஸ்வரத்தோடு மோதவிட்டார். ஆபேரி ராகம். எங்கள் சம்சாரிகள் பலருக்கு அது ஆபேரி என்று தெரியாது. ஆனால் கோவில் கொடையில் விடியவிடிய நாதஸ்வரம் கேட்டுக் கேட்டு, பிடி வழுக்கினால் முகம் சுளிக்கிற காது அவர்களுக்கு இருந்தது. விளாத்திகுளம் சுவாமிகளின் ராக ஆலாபனைக்காக அலைந்த இடைசெவல் இளைஞர்கள் இருவர், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும், பின்னால் நம் இலக்கியத்தில் என்ன ஆனார்கள் என்று உங்களுக்கே தெரியும். பாமரருக்கு உணர்ச்சி போதும், நுணுக்கம் பண்டிதருக்கு என்று பிரித்தவர் யாரோ, அவர் கரிசல் பக்கம் வந்ததில்லை.

‘சிந்து பைரவி’ 1985இல் இந்தப் பிரிவினையையே கதையாக்கியது. ஒரு பக்கம் சாஸ்திரியம், எதிர்ப்பக்கம் நாட்டுப்பாட்டு. ‘பாடறியேன்’ பாட்டில் தனக்குப் பாடவே தெரியாது என்று ஒரு பெண் தொடங்குகிறாள். பாட்டு சாரமதி ராகத்தில் ஏறி, ஸ்வரங்களுக்குள் புகுந்து, காம்போதியில் அமைந்த தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’யைச் சாரமதிக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது. பாட அறியாதவள் பாடும் அந்தப் பாட்டைத் தேர்ந்த பாடகர்களே பயந்து பயந்துதான் தொடுகிறார்கள். அதைப் பாடிய சித்ராவுக்கு அது முதல் தேசிய விருது. இசையமைத்த இளையராஜா சிரித்துக்கொண்டேதான் மெட்டுப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆனால் உடைந்த குரல் உருக்குகிறதே, அதற்கு என்ன பதில் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் பில்லி ஹாலிடே 1958இல் ‘லேடி இன் சாட்டின்’ பதிவு செய்தபோது குரல் நைந்து போயிருந்தது. அடுத்த வருஷமே, 44 வயதில், இறந்துபோனார். அந்த இசைத்தட்டைக் கேட்டு இன்றும் ஜனங்கள் கலங்குகிறார்கள். கவனித்துக் கேட்டால், போனது குரலின் பளபளப்பும் வீச்சும் மட்டும் என்பது தெரியும். தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி ஒரு சொல்லை வைக்கிற சாமர்த்தியம் கடைசிவரை கூட இருந்தது. நுணுக்கம் என்றால் உச்சஸ்தாயி என்று நினைப்பவர்களுக்குத்தான் அங்கே நுணுக்கம் தெரியவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் ‘சங்கீத ரத்னாகர’த்தில் பாடகர்களை ஐந்து வகையாகப் பிரித்தார். கற்பித்துத் தரக்கூடியவர், அடுத்தவரைப் போலவே பாடுகிறவர், தானே ரசித்துத் திளைக்கிறவர், கேட்பவரை மகிழ்விக்கிறவர், பாவத்தைக் கொண்டுவருகிறவர். டி.வி. போட்டிக்கு இரண்டாவது வகைக்காரர்கள்தான் அதிகம் வருகிறார்கள். ஜானகியம்மா விம்மிய இடத்தில் அப்படியே விம்மும் பத்து வயதுப் பிள்ளைகளை நானும் பார்க்கிறேன். அளவு சரியாக இருக்கிறது. எனக்கு ஒன்றும் ஆவதில்லை. பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அந்த விம்மல் எந்தச் சொல்லுக்காக அங்கே வந்தது என்று யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. ஒப்பாரிக்காரி ஒரு வீட்டு விம்மலை இன்னொரு வீட்டில் எடுக்க மாட்டாள். உறவு மாறினால் உடைக்கிற இடமும் மாறும்.

கடைசியாக எந்திரம். ஆண்டி ஹில்டிபிராண்ட் என்பவர் எண்ணெய் தேடுகிறவர்களுக்காக, பூமிக்குள் அதிர்வலை அனுப்பித் திரும்பி வருவதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கணக்கைப் பாட்டுக்குத் திருப்பி 1997இல் ஆட்டோ ட்யூனைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் ஷெர் என்ற பாடகி ‘பிலீவ்’ பாட்டில் அதை எல்லாரும் கேட்கும்படியே பயன்படுத்தினார். அதை அலங்காரமாக வைத்துக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை. என் சண்டை, தெரியாமல் நடக்கிற திருத்தத்தோடு. விலகிய ஸ்வரத்தைப் பக்கத்துக் கட்டைக்கு இழுத்து ஒட்டுவது அதன் வேலை. ஒப்பாரி வரி இறங்கி வருகிற பாதை முழுக்க இரண்டு கட்டைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. அந்தப் பாதையைத் திருத்தினால் படிக்கட்டு கிடைக்கும், அழுகை போய்விடும். போதாததற்கு, சொல்லுக்கு நடுவே வாங்கிய மூச்சைச் சத்தம் என்று வெட்டி எறிகிறார்கள். ஒரு காலத்தில் வாத்தியக் குழுவும் பாடகரும் ஒன்றாக நின்று முழுப் பாட்டையும் ஒரே ஓட்டத்தில் பதிந்தார்கள். யார் தப்பு விட்டாலும் முதலிலிருந்து. இப்போது வரி வரியாக, சில சமயம் சொல் சொல்லாக எடுத்து ஒட்டுகிறார்கள். ஒரு வரியின் மூச்சு அடுத்த வரிக்குக் கடன் வைக்கிற வேலைக்கே அதில் இடம் இல்லை. பிறகு நாமே “ஃபீல் வரலை” என்கிறோம்.

(கூட்டம் முடிந்தபின் ஒரு மாணவி, அப்படியானால் தான் எதைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று கேட்டார். அதற்குச் சொன்ன பதில்:)

பாப்பா, ஸ்ருதிப் பெட்டியை ஓரமாக வைக்கச் சொல்லவில்லை. அது தினமும் வேண்டும். அதோடு இதையும் செய். பாட்டு வரிகளை ஒரு நோட்டில் எழுது. மெட்டு இல்லாமல், வீட்டில் அம்மாவிடம் சொல்வது மாதிரி வாசி. எங்கே உனக்கு மூச்சு வாங்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடு. அப்புறம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பாடியவர் எங்கே மூச்சு எடுத்தார் என்று கேட்டு, மைப் பேனாவால் இன்னொரு கோடு. நிறைய வரிகளில் இரண்டும் ஒரே இடத்தில் விழும்; அவற்றை விட்டுவிடு. விழாத வரிகளை எடுத்துக்கொண்டு, அவர் ஏன் அங்கே எடுத்தார் என்று யோசி. ‘போறாளே பொன்னுத்தாயி’யில் தொடங்கு. ஸ்வர்ணலதா பாடியதற்கு ஒரு பக்கம், சுஜாதாவும் உன்னி மேனனும் பாடியதற்கு எதிர்ப்பக்கம்.